தொப்பியை வீட்டில் வைத்துவிட்டு மலையேறுங்கள்

கேள்வியின் சுருக்கம் இது. கோவை, மேட்டுப்பாளையம் பக்கம் பணியில் இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களுமாகக் காவலர்கள் பதினெட்டுப் பேர். பாதிப் பேரிடம் புல்லட், மற்றவர்களிடம் 150 முதல் 200 சிசி வண்டிகள், இரண்டு பேரிடம் ஸ்கூட்டர். வெளிநாட்டுப் போலீஸ்காரர்கள் நடத்துவதுபோல ஒரு பைக் கிளப் தொடங்கி, முதல் ரைடாகக் கோத்தகிரிப் பக்கம் ஒரு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிக்கு உதவி எடுத்துப் போக ஆசை. நண்பர்களும் சேர்ந்தால் நாற்பது வண்டி வரும். எங்கே தொடங்குவது, எங்கே மாட்டிக்கொள்வோம்?

மாட்டிக்கொள்ளும் இடத்தை முதலில் சொல்லிவிடலாம். மலைப்பாதை வளைவை விட வழுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது: வசூல். கடைக்காரரிடம் வேறு யார் போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுங்கள் என்றாலும் அவர் இஷ்டம். மனமிருந்தால் கொடுப்பார், இல்லையென்றால் "அப்புறம் பார்க்கலாம்" என்பார். அதையே போலீஸ்காரர் கேட்டால், மப்டியில் போய்ச் சிரித்துக்கொண்டே கேட்டாலும், கடைக்காரர் காதில் விழுவது வேறு. கேட்பவர் போலீஸ் என்றால் கொடுப்பது நன்கொடை ஆகாது. கிளப்பின் விதிகள், கணக்கு, ரூட்டு எல்லாவற்றையும் இந்த ஒன்றை மனதில் வைத்துத்தான் போட வேண்டும்.

வெளிநாட்டு முன்மாதிரி என்று நீங்கள் நினைப்பது பெரும்பாலும் ப்ளூ நைட்ஸாக இருக்கும். 1974-இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், பாங்கர் நகரில் சில காவல்துறையினர் தொடங்கியது. இன்று பல நாடுகளில் கிளைகள் உண்டு. கைது செய்யும் அதிகாரம் உள்ள பணியில் இருப்பவர், அல்லது அப்படி இருந்து ஓய்வு பெற்றவர்தான் உறுப்பினர். கிளைக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர், ரைடை முன்னின்று நடத்தும் ரோடு கேப்டன் என்று பொறுப்புகள். குடும்பத்தோடு கூடுவது, மாதம் ஒரு கூட்டம், வருடத்தில் சில நன்கொடை ரைடுகள், உறுப்பினர் இறந்தால் வண்டிகளோடு போய் வழியனுப்புவது, இவைதான் அதன் அன்றாடம். சினிமாவில் காட்டும் கேங் கலாசாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதுகில் மூன்று துண்டாகப் பேட்ச் தைப்பது அந்த நாடுகளில் வேறு வகைக் கிளப்புகளோடு சேர்த்துப் பார்க்கப்படும் அடையாளம், அதனால் தகராறும் வரும். நீங்கள் ஒரே துண்டாக ஒரு சின்னம் தைத்துக்கொண்டால் போதும். அதில் அசோகச் சின்னம் வேண்டாம், துறையின் இலச்சினையும் வேண்டாம். அரசுச் சின்னத்தை இப்படிப் பயன்படுத்துவதை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பெயரில் "தமிழ்நாடு போலீஸ்" என்று போட்டாலும் பதிவாளர் அலுவலகத்தில் கேள்வி வரும்.

அமெரிக்க ரைடுகளில் "போக்கர் ரன்" என்று ஒரு வழக்கம் உண்டு. ஐந்து இடங்களில் நிறுத்தி ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு எடுப்பார்கள், கடைசியில் கையில் நல்ல சீட்டுகள் சேர்ந்தவருக்குப் பரிசு. நம் ஊரில் சீட்டாட்டம் பிடிக்கப் போகிறவர்களே சீட்டோடு நின்றால் மறுநாள் பேப்பரில் என்ன தலைப்பு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐந்து இடங்களில் ஐந்து முத்திரை, அல்லது முதலுதவி பற்றி ஐந்து கேள்வி என்று மாற்றிக்கொள்ளுங்கள், விளையாட்டு அதேதான்.

இனிச் சட்டம். காவல் படைகளின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் 1966-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. அனுமதியில்லாமல் காவலர் எந்தச் சங்கத்திலும் சேரக் கூடாது என்பது அதன் சாரம். முற்றிலும் சமூக, பொழுதுபோக்கு அல்லது சமயத் தன்மை கொண்ட அமைப்புகளுக்கு மட்டும் விலக்கு. பைக் கிளப் அந்த விலக்குக்குள் வரும், ஆனால் அதைக் காப்பாற்றிக்கொள்வது உங்கள் கையில். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எட்டு மணி நேர வேலை, வார விடுப்பு, இடமாறுதல் என்று கோரிக்கை பேசத் தொடங்கினால் அது பொழுதுபோக்கு அமைப்பு என்று நாளை உங்களால் வாதாட முடியாது. அதனால் நோக்கவுரையில் "மோட்டார் சைக்கிள் பயணம், சாலைப் பாதுகாப்பு, குடும்ப நட்பு, சமூக உதவி" என்பதோடு நிறுத்துங்கள். பணியில் இருப்பவர்கள் தங்கள் எஸ்.பி. அல்லது கமாண்டண்டுக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புதல் நகலைக் கிளப் கோப்பில் வையுங்கள். வாய்மொழியாக "போய்ட்டு வாங்கப்பா" என்று சொன்ன அதிகாரி அடுத்த மாதம் மாறிப் போய்விடுவார்.

பதிவு என்பது 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ், மாவட்டப் பதிவாளரிடம். ஏழு பேர் இருந்தால் போதும். பொருளாளர் பணியில் இருப்பவராக இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அரசு ஊழியரோ காவலரோ முன் அனுமதியின்றி நிதி திரட்டுவதையும், திரட்டும் வேலையில் சேர்ந்துகொள்வதையும் நடத்தை விதிகள் தடுக்கின்றன. காசோலையில் கையெழுத்துப் போடும் இருவரும் ஓய்வு பெற்றவர்களாக இருக்கட்டும்.

கிளப்புக்குள் வரும் சிக்கல் பதவி. நாற்பது பேரில் ஒரு டி.எஸ்.பி., மூன்று இன்ஸ்பெக்டர்கள், ஏட்டுகள், ஆயுதப்படைக் காவலர்கள் எல்லாம் இருப்பார்கள். பழக்கதோஷத்தில் டி.எஸ்.பி. முன்னால் போவார், பின்னால் வருபவர் அவரை முந்த மாட்டார், அவர் தப்பாகப் போனாலும் ஹாரன் அடிக்க மாட்டார். மலைப்பாதையில் இது ஆபத்து. முன்னால் போக வேண்டியவர் அந்தப் பாதையை அதிகம் அறிந்தவர், பின்னால் உள்ள சிறிய வண்டியின் வேகத்தை மனதில் வைத்து ஓட்டுபவர். அவர் குன்னூர் ஸ்டேஷன் கான்ஸ்டபிளாக இருந்தால் அன்றைக்கு அவர் சொல்வதுதான். ரைடுக்குப் போடும் கையில்லாத மேல்சட்டையில் பெயரும் ரத்த வகையும் மட்டும். பதவி, பேட்ஜ் எண் எதுவும் வேண்டாம். "ஐயா" என்று கூப்பிடுவதை நிறுத்த முடியாது, அது நாக்கில் ஊறிப்போனது. குறைந்தபட்சம் ரோடு கேப்டனையும் அன்று ஒரு நாள் டி.எஸ்.பி. "கேப்டன்" என்று கூப்பிடட்டும், மற்றது தானாக வரும். மாதக் கூட்டத்தை காவலர் குடியிருப்புச் சமுதாயக் கூடத்தில், வீட்டாரோடு வைத்துக்கொண்டால் பாதி விறைப்பு அங்கேயே கரைந்துவிடும். கூட்டத்தில் மது இல்லை என்று முதல் நாளே எழுதி வையுங்கள். பிறகு சேர்க்க முடியாத விதி அது ஒன்றுதான்.

அடுத்தது பணம். ரைடுக்கு ஆகும் செலவு வேறு, பள்ளிக்குப் போகும் காசு வேறு. இரண்டும் ஒரு பையில் சேரக் கூடாது. ஒரு கணக்கு பாருங்கள், விலையை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். நாற்பது பேருக்குக் காலை, மதியச் சாப்பாடு தலைக்கு 250 வீதம் 10,000 ரூபாய். பொருள் ஏற்றும் பிக்கப் வாடகை 5,000. மெக்கானிக்கும் அவர் வண்டியும் 3,500. முதலுதவிப் பொருள், இதர செலவு 1,500. மொத்தம் 20,000, தலைக்கு 500. இதை ஓட்டுகிறவர்களே கட்டிவிட வேண்டும். அறை, டீ, பெட்ரோல் எதுவும் ஓசியில் வரக் கூடாது. யாராவது எஸ்டேட்காரர் மதியச் சாப்பாடு தருகிறேன் என்று தானாக வந்தாலும் மரியாதையாக மறுத்துவிடுங்கள். அவர்மேல் ஒரு வழக்கு எப்போதாவது வந்தால் அந்தச் சாப்பாட்டுப் படம்தான் முதலில் வெளியே வரும்.

பள்ளிக்கான காசைக் கிளப் கணக்கில் வாங்காமலே இருப்பது நல்லது. என்ன தேவை என்று ஒரு பட்டியல் போட்டு, உறுப்பினர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு பொருளாக வாங்கி பில்லோடு கொடுக்கலாம். தொண்டு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுப்பதானால் ஓட்டுகிறவர் தன் கணக்கிலிருந்து அதன் கணக்குக்கு நேரடியாக அனுப்பட்டும். நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை (80ஜி) வேண்டுமானால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்கு அது கிடைக்காது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் நண்பர் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால் அவர் பணம் கிளப்புக்கு வரவே கூடாது, வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாமல் வாங்குவது குற்றம். பள்ளிக்கல்வித் துறைப் பள்ளி என்றால் 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டம் வழியாகவே கொடுத்துவிடலாம். நீங்கள் சொல்லும் உண்டு உறைவிடப் பள்ளி பழங்குடியினர் நலத் துறையின் கீழ் வருவது. அங்கே தலைமையாசிரியர் சம்மதம் மட்டும் போதாது, மாவட்ட நல அலுவலரிடம் கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். இதற்கு மூன்று, நான்கு வாரம் ஒதுக்கி வையுங்கள்.

என்ன கொடுப்பது? "பாத்திரமறிந்து பிச்சையிடு" என்பது இங்கே சரியாகப் பொருந்தும். ஊட்டி என்றதும் எல்லாரும் ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு வருவார்கள். மலைப்பகுதி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், மழைக்கோட்டு எல்லாம் அரசே கொடுக்கிறது. விடுதியில் இல்லாமல் இருப்பது வேறு ஏதாவது: ஈரத் துணி காயப்போட மேற்கூரை போட்ட இடம், கெட்டுப்போன வெந்நீர் பாய்லர், போர்வைக்கு மாற்றுப் போர்வை, விளையாட்டு ஷூ, மின்தடைக்கு சார்ஜ் விளக்கு. விடுதிக் காப்பாளரிடமும் சமையலரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். இருவர் பட்டியலிலும் வருவதுதான் உண்மையான தேவை. பழைய துணி வேண்டவே வேண்டாம். அதைப் பிரித்துத் துவைத்துக் கழித்துக் கட்டுவது காப்பாளருக்கு ஒரு வாரத் தண்டனை.

பொருளை வண்டியில் கட்டிக்கொண்டு போகும் எண்ணத்தையும் விடுங்கள். அறுபது போர்வை, ஒன்று ஒன்றேகால் கிலோ என்று வைத்தாலே 75 கிலோ. அட்டைப் பெட்டியைக் கேரியரில் பின்சக்கர அச்சுக்குப் பின்னால் தூக்கிக் கட்டினால், ஏற்றத்தில் முன்சக்கரத்தின் பாரம் குறைந்து ஹேண்டில் லேசாகிவிடும். வளைவில் வண்டி நினைத்த பக்கம் திரும்பாது. ஒரு டாடா ஏஸில் முந்தின நாளே எல்லாம் போய் இறங்கிவிடட்டும். ஓட்டுகிறவர்கள் கையை வீசிக்கொண்டு வரலாம்.

தேதிக்கு வருவோம். அக்டோபர் 21, காவலர் வீரவணக்க நாள், பலருக்கும் முதலில் தோன்றும். 1959-இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் உயிர்நீத்தவர்களின் நினைவு நாள், பொருத்தம்தான். ஆனால் அப்போது வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும். 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்தது அந்தப் பருவத்தில்தான். வீரவணக்கத்தை ஆயுதப்படை மைதானத்தில் செலுத்திவிட்டு ரைடை வேறு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவம். ஏப்ரல், மே சீசன். மலர்க்காட்சி பந்தோபஸ்துக்கே ஆள் பற்றாது, உங்களுக்கு லீவும் கிடைக்காது, மேலே போக்குவரத்தும் நகராது. பிப்ரவரி இரண்டாம் வாரம் முதல் மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம். ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் என்பதால் ஆசை வரும், போகலாம், ஆனால் உறைபனிக் காலம். விடிகாலையில் விரல் மரத்துப்போய் பிரேக் லீவரை உணராது.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் உண்டு. வண்டி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். கிளப்புக்கு மொத்தமாக ஒன்று கிடையாது. நீலகிரியின் டிஎன் 43 பதிவு வண்டிக்குத் தேவையில்லை. 2025 சீசனில் ஊட்டிப் பக்கம் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள், அதனால் போவதற்கு முந்தின வாரம் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். போலீஸ் அடையாள அட்டை இ-பாஸ் ஆகாது. சோதனைச் சாவடியில் நிற்பவர் உங்கள் ஜூனியர் என்பதற்காக ஒரு வண்டி பாஸ் இல்லாமல் போனால், பின்னால் காரில் நிற்கும் குடும்பம் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் அப்படியே: மாவட்டத்துக்குள் தடை, அபராதம் உண்டு. எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள், வழியில் தண்ணீர் ஏ.டி.எம். இருக்கிறது. பள்ளிக்குக் கொண்டுபோகும் பிஸ்கட், கப், தட்டுக்கும் இது பொருந்தும்.

அனுமதிக் கடிதம் கோவை மாவட்ட, நீலகிரி மாவட்ட எஸ்.பி. இருவருக்கும் போக வேண்டும். தேதி, புறப்படும் இடம், நேரம், பாதை, வண்டி எண்ணிக்கை, குழுவுக்கு ஒரு பொறுப்பாளர் பெயர், கைபேசி எண், எங்கே நிறுத்தப் போகிறீர்கள், எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள், ஒரு பக்கம் போதும். எஸ்கார்ட் கேட்காதீர்கள். சைரன் வைத்து, சந்திப்பில் வண்டியைக் குறுக்கே நிறுத்தி மற்றவர்களை மறிப்பது சில நாட்டு ரைடுகளில் பழக்கம். இங்கே உங்களுக்கு அந்த அதிகாரம் அன்றைக்கு இல்லை, நீங்களும் ரோட்டில் போகிற நாற்பது பேர்தான்.

நாற்பது வண்டியும் சேர்ந்து போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. மலைப்பாதையில் ஒற்றை வரிசைதான், இடைவெளி மூன்று விநாடி. 30 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்பது 25 மீட்டர். நாற்பது வண்டிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வால். பின்னால் வரும் அரசுப் பேருந்தால் முந்தவும் முடியாது, எதிரே வருபவர் உங்கள் வரிசை முடியும் என்று காத்திருந்து பொறுமையிழந்து நுழைவார். அதனால் எட்டெட்டாக ஐந்து குழு, குழுவுக்கு நடுவே ஐந்து நிமிடம். எட்டு வண்டியின் வால் 175 மீட்டர்தான், முதல் குழுவுக்கும் கடைசிக் குழுவுக்கும் இருபது நிமிட வித்தியாசம். ஒவ்வொரு குழுவிலும் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசியில் வருபவர் யாரையும் தாண்டிப் போக மாட்டார், அவர் வந்து சேர்ந்தால்தான் குழு வந்ததாகக் கணக்கு. மிகச் சிறிய வண்டி, ஸ்கூட்டர், புதிதாக மலையேறுபவர் மூவரும் முன்னால் போகிறவருக்கு அடுத்தபடி. அவர்களைக் கடைசியில் போட்டால் பிடித்துவிட வேண்டும் என்று முறுக்குவார்கள், விழுவது அப்படித்தான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். யானை நடமாட்டம் உள்ள பாதை, குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் இன்னும் அதிகம். நன்றாக விடிந்த பிறகு, ஆறரைக்குக் கிளம்புங்கள். ஒன்றேகால் மணி நேரத்தில் மேலே போய்விடலாம். காட்டுப் பகுதியில் போட்டோவுக்கு நிறுத்துவதோ குரங்குக்குத் தீனி போடுவதோ கூடாது. சீசனில் மேலே போக பர்லியாறு, குன்னூர் வழி, கீழே வர கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். அப்போது குன்னூர் போய் அங்கிருந்து கோத்தகிரிக்கு இன்னும் 21 கிலோமீட்டர் ஓட்ட வேண்டியிருக்கும். "அப்படியே ஊட்டி போய் கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கலாமே" என்று குழுவில் ஒருவர் கட்டாயம் சொல்வார். 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்தான இறக்கம், வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு. அந்த யோசனையை வாட்ஸ்அப்பிலேயே முடித்துவிடுங்கள்.

வண்டியைத் தயார் செய்வதில் பிரேக்தான் முதல் வேலை. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்கும். ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். இரண்டு வருடமாக மாற்றாத ஆயிலோடு இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் உள்ளே குமிழி கட்டும், லீவர் பொசுக்கென்று ஹேண்டில்பார் வரை வந்துவிடும். ரைடுக்கு இரண்டு வாரம் முன்பு ஆயிலை மாற்றி, பிரேக் பேடின் கனத்தையும் பார்த்துவிடுங்கள். டிரம் பிரேக் உள்ள பழைய புல்லட்டில் லைனிங்கும் கேபிளும். செயினைக் கழுவி எண்ணெய் விட்டு, ஆள் ஏறி உட்கார்ந்த நிலையில் தளர்ச்சி பார்க்க வேண்டும். கார்புரேட்டர் வண்டிகள் மேலே போகப் போக இழுவை குறைந்து கரும்புகை தள்ளும். கோளாறு எதுவும் இல்லை, காற்று மெலிதாகிறது, அவ்வளவுதான். 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். அங்கே போய்க் கார்புரேட்டர் திருகைத் திருகினால், கீழே இறங்கியதும் இன்ஜின் சூடாகும்.

டயர் காற்று பற்றி ஒரு சுவையான விஷயம். மேலே போனால் வெளியழுத்தம் குறைவதால் கேஜில் இரண்டு, மூன்று பி.எஸ்.ஐ. கூடிக் காட்ட வேண்டும். மேட்டுப்பாளையத்து 33 டிகிரியிலிருந்து மலையின் 15 டிகிரிக்குப் போவதால் ஏறக்குறைய அதே அளவு குறையவும் செய்யும். இரண்டும் கழிந்து, கம்பெனி சொன்ன அளவே நிற்கும். "மலைக்குக் காத்தைக் கொறைச்சுக்கோ" என்று பெட்ரோல் பங்கில் சொல்வதைக் கேட்காதீர்கள்.

கொண்டை ஊசி வளைவில் தப்பு நடப்பது பெரும்பாலும் இடது வளைவில் ஏறும்போது. உள் ஓரம்தான் மிகச் செங்குத்து. அதை ஒட்டிப் போனால் வண்டி திணறி நிற்கும், கால் ஊன்றப் பார்த்தால் அந்தப் பக்கம் தரையே கீழே இருக்காது, புல்லட் சாய்ந்துவிடும். உங்கள் பாதிச் சாலையின் நடுவில் வாருங்கள், வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், திரும்பும்போது கிளட்சைத் தொடாமல் சீராக ஆக்சிலேட்டர். கண் முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, வளைவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். பேருந்துக்கு வளைவில் முழுச் சாலையும் தேவை. ஏறுகிற வண்டிக்கு முன்னுரிமை என்று விதி இருக்கிறது, உண்மைதான். ஆனாலும் மேலே ஹாரன் கேட்டால் வளைவுக்குக் கீழேயே நின்று அவரை விட்டுவிட்டுப் போங்கள். நிழல் விழும் வளைவுகளில் பாசி, லாரி டீசல் சிந்திய வழவழப்பு, தைல மரச் சருகு மூன்றும் கிடக்கும். காட்டெருமை நின்றால் ஹாரனும் வேண்டாம், இன்ஜினை முறுக்கவும் வேண்டாம். ஐம்பது மீட்டர் தள்ளி நின்றுவிட்டால் அதுவே போய்விடும்.

பள்ளியில் ஒரு மணி நேரம், அதிகம் போனால் ஒன்றரை. கேட்டுக்கு வெளியே இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள். மாற்று சைலன்சர் போட்ட வண்டி ரைடில் இருக்கவே கூடாது. நாளைக்கு அதற்கு அபராதம் போடப் போகிறவர்கள் நீங்கள். பிள்ளைகளை வரவேற்பு நடனம் ஆடச் சொல்லாதீர்கள். கோத்தர், இருளர், குறும்பர் வீட்டுப் பிள்ளைகள் விருந்தாளிக்கு ஆடிக் காட்டுவதற்காகப் பள்ளிக்கு வரவில்லை. வரிசையில் நிறுத்திப் போர்வை கொடுத்துப் படம் எடுப்பதும் வேண்டாம். பொருளைக் காப்பாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். காப்பகப் பிள்ளைகள் என்றால் அடையாளம் தெரியும்படி படம் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் நேரடியாகவே தடுக்கிறது. போலீஸைக் கண்டு பயப்படும் பிள்ளைக்கு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் கொடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டினால் போதும்: வெளிக்கூடு, உள்ளே தெர்மோகோல் போன்ற திணிப்பு, பின்னால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 4151 என்ற எண்ணும். அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். சாப்பாட்டைப் பள்ளிச் சமையலர் தலையில் கட்டாதீர்கள். வெளியே சமைத்துக் கொண்டுவந்து, பிள்ளைகளோடு அதே பந்தியில் உட்காருங்கள்.

ரத்ததான முகாமையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். தேவை உண்டு; இந்த மலையின் பழங்குடி மக்களிடையே சிக்கிள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை ரத்த நோய் இருக்கிறது. ஆனால் 350 மில்லி கொடுத்துவிட்டு அன்றே மலை இறங்குவது சரியில்லை. முகாமை வேறொரு நாளில், கீழே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி என்பதைப் பட்டியலில் குறித்துக்கொண்டால் வருடத்தில் மூன்று முறை நடத்தலாம்.

இறக்கத்தை மூன்று மணிக்குள் தொடங்கிவிடுங்கள், பிறகு மூடுபனி. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறக்கம். இன்ஜினை அணைத்து உருட்டுவது கூடவே கூடாது. ஸ்கூட்டரில் இன்ஜின் பிடிப்பு குறைவு, பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல் அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு வர வேண்டும். பாதி வழியில் அகலமான இடம் பார்த்து இருபது நிமிடம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் வளைந்துவிடும். யாராவது விழுந்துவிட்டால் முதலில் மேலும் கீழும் ஒருவரை நிறுத்தி வண்டிகளை மெதுவாக்குங்கள், பிறகுதான் விழுந்தவர். மூச்சு தடைப்பட்டால் ஒழிய ஹெல்மெட்டை இழுக்காதீர்கள். எடுக்க வேண்டிய நிலை என்றால் ஒருவர் கழுத்தைத் தாங்க இன்னொருவர் எடுக்க வேண்டும். சில வளைவுகளில் சிக்னல் இருக்காது, அதனால் 108-ஐக் கூப்பிட ஒருவர் வண்டியில் போகிறார் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

ரைடு முடிந்த ஏழாம் நாளுக்குள் கணக்கு வர வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டிய கூட்டம் நீங்கள். வரவு, செலவு, பில் நகல், பள்ளி கொடுத்த ரசீது எல்லாம் ஒரே பக்கத்தில், அனுமதி கொடுத்த இரண்டு எஸ்.பி. அலுவலகத்துக்கும் நல அலுவலருக்கும் ஒரு பிரதி. சாப்பாட்டுக் கணக்கில் 1,140 ரூபாய் மிஞ்சினால் அதைப் பள்ளிக் கணக்கில் சேர்க்காமல், கட்டியவர்களுக்கே திருப்பிக் கொடுங்கள் அல்லது அடுத்த ரைடின் வரவாக எழுதுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் ஓய்வு பெற்ற இருவர் மட்டும் பேருந்தில் போய், பாய்லர் ஓடுகிறதா, போர்வை பிள்ளைகள் கட்டிலில் இருக்கிறதா, ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வரட்டும்.